பெரியம்மா முட்டியும் ஸ்டாக்ஹோம் மூச்சுக்குழாயும்

நேத்து ராத்திரி பெரியம்மா வாட்ஸப்ல ஒரு விளம்பரத்தை அனுப்பி "கண்ணு, இது நீ படிச்சதுதானே, பாத்து சொல்லு"ன்னு வாய்ஸ் நோட் போட்டிருந்தாங்க. நானோ ஸ்டெம் செல் (வேற வேற செல்லா மாறக்கூடிய மூல செல்) தெரபியாம், மூட்டு வலிக்கு நிரந்தரத் தீர்வாம், ஆபரேஷன் இல்லையாம், கீழ மூணு தவணைல கட்டலாம்னு வேற. எந்த கிளினிக்னு சொல்ல மாட்டேன். எட்டு வருஷமா முட்டி வலி, மாடிப்படிய பாத்தாலே உக்காந்துடறாங்க, அவங்கள குத்தம் சொல்ல முடியாது. பதில் டைப் பண்ண ஆரம்பிச்சேன், நீண்டுக்கிட்டே போச்சு, சரி இங்கயே போட்டுடலாம்.

நான் பிஹெச்டில பண்ணதே நானோ ஃபைபர்தான். சாதாரண செட்டப்புங்க. ஊசி போடுற அதே சிரிஞ்சு, உள்ள கரைச்சு வச்ச பாலிமர், ஊசிக்கு 15 கிலோவோல்ட், எதிர்ல சப்பாத்தி சுத்துற அலுமினியம் ஃபாயில். முனைல நிக்கிற சொட்டு விழாம கூம்பு மாதிரி இழுபட்டு, அதுலேர்ந்து கண்ணுக்கே தெரியாத நூல் பறந்து போய் ஃபாயில்ல ஒட்டடை மாதிரி வெள்ளையா படியும். ஐப்பசி மழைல ஈரப்பதம் ஏறிடுச்சுன்னா அவ்ளோதான், மைக்ரோஸ்கோப்ல பாத்தா மணி மணியா கோத்துக்கிட்டு நிக்கும், அன்னிக்கு பூரா வேலை குப்பைக்கு. இவ்ளோ பாடு எதுக்குன்னா நம்ம உடம்புல செல்லை தாங்கிப் பிடிக்கிற கொலாஜன் நாரும் கிட்டத்தட்ட இதே சைஸ்தான், பத்து இருபது மைக்ரான் (மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்) இருக்கிற செல் இந்த நூலைப் பிடிச்சுக்கிட்டு வீட்டுல இருக்கிற மாதிரியே நடந்துக்கும்.

இதுல என்னை அசர வச்சது கிளாஸ்கோ யுனிவர்சிட்டி வேலை, 2007ல வந்தது, மேத்யூ டால்பி குழு. ஒரு பிளாஸ்டிக் பரப்புல 120 நானோமீட்டர் (மைக்ரான்ல ஆயிரத்துல ஒரு பங்கு ஒரு நானோமீட்டர்) அகலத்துல, 100 நானோமீட்டர் ஆழத்துல குட்டிக் குட்டி பள்ளம். பள்ளத்தை எல்லாம் கச்சிதமா வரிசையா போட்டா மேல விட்ட ஸ்டெம் செல் பெருசா ஒண்ணும் பண்ணல. ஒவ்வொரு பள்ளத்தையும் 50 நானோமீட்டர் அளவுக்கு அப்படி இப்படி தள்ளிப் போட்டாங்க, புள்ளிக் கோலத்துல புள்ளி லேசா தப்பினா எப்படி இருக்கும், அப்படி. அவ்ளோதான், எந்த மருந்தும் ஊத்தாமலே செல் எலும்பு செல்லா மாற ஆரம்பிச்சுது! நாலு வருஷம் கழிச்சு அதே ஆளுங்க, வரிசையா இருக்கிற பள்ளத்துல விட்டா ஸ்டெம் செல் ஸ்டெம் செல்லாவே ரொம்ப நாள் இருக்குதுன்னும் காமிச்சாங்க. இதைப் படிச்ச அன்னிக்கு எனக்கு தூக்கம் வரல.

ஆனா இது பூரா லேப் தட்டுல நடந்தது. மனுஷ உடம்பு வேற கதை, அந்தக் கதைதான் ஸ்டாக்ஹோம்.

2011 ஜூன், ஸ்வீடன் ஸ்டாக்ஹோம்ல இருக்கிற கரோலின்ஸ்கா மருத்துவ நிறுவனம், அதாவது மருத்துவ நோபல் யாருக்குன்னு முடிவு பண்ற அதே கரோலின்ஸ்கா. பாவ்லோ மக்கியாரினின்னு ஒரு சர்ஜன், மூச்சுக்குழாய்ல கேன்சர் வந்த ஒரு எரித்ரிய மாணவருக்கு லண்டன்ல செஞ்ச நானோகாம்போசிட் (நானோ துகள் கலந்த) பிளாஸ்டிக் குழாயை வச்சார். அந்த மாணவரோட எலும்பு மஜ்ஜை செல்லை அந்தக் குழாய் மேல விட்டு 36 மணி நேரம் ஊற வச்சு உள்ள வச்சாச்சு. உலகம் பூரா தலைப்புச் செய்தி. அஞ்சு மாசத்துல உள்பக்கம் ஒரு பகுதில கிட்டத்தட்ட நார்மல் சவ்வு வந்துடுச்சுன்னு லான்செட்ங்கிற மருத்துவ இதழ்ல ஆராய்ச்சிப் பேப்பர் வேற.

ஒண்ணும் வரல. 2014 ஜனவரில அந்த மாணவர் இறந்துட்டார். அடுத்து வச்ச அமெரிக்கர் நாலே மாசத்துல போயிட்டார், துருக்கிப் பொண்ணு பல வருஷம் ஆஸ்பத்திரிலயே கிடந்து 2017ல போச்சு. மூச்சுக்குழாயே இல்லாம பிறந்த ஒரு குட்டிப் பொண்ணுக்கு 2013ல அமெரிக்கால நானோ ஃபைபர் குழாய் வச்சாங்க, மூணு மாசம் தாண்டல. அது ஓஹையோல செஞ்சது, நான் லேப்ல பண்ண அதே டெக்னிக். இதை எழுதும்போதே ஒரு மாதிரி இருக்கு.

ஏன் தோத்துச்சுன்னா ரத்தம். ரத்தக்குழாய்லேர்ந்து நூறு இருநூறு மைக்ரான் தள்ளிப் போயிட்டாலே செல்லுக்கு ஆக்சிஜன் பத்தாது, செத்துடும். குழாய்க்கு ரத்த ஓட்டமே கிடையாது, உள்பக்கம் பூரா காத்தும் கிருமியும், இதுல மஜ்ஜை செல்லை தெளிச்சா அது எப்படிங்க மூச்சுக்குழாய் ஆகும்? மண்ணே இல்லாத மொட்டைமாடில நாத்து நட்ட கதை. அதுவும் மிருகத்துல வச்சுப் பாக்காமலே மனுஷனுக்கு வச்சுட்டாங்க, எத்திக்ஸ் அனுமதியும் இல்ல.

அங்கயே வேலை பாத்த நாலு டாக்டர்ங்க கேஸ் ஷீட்டை எடுத்துப் பாத்து, பேப்பர்ல எழுதினதும் இதுவும் பொருந்தலயேன்னு 2014ல புகார் குடுத்தாங்க. நோயாளி ரெக்கார்டை எப்படித் தொட்டீங்கன்னு அவங்க மேலயே போலீஸ்ல புகார் போச்சு! 2015ல நிர்வாகம் மக்கியாரினி தப்பு பண்ணலன்னுச்சு, 2016ல டிவி டாகுமெண்டரி வந்தப்புறம் துணைவேந்தர் ராஜினாமா, 2018ல பேப்பர் வாபஸ். 2023ல அப்பீல் கோர்ட் மக்கியாரினிக்கு ரெண்டரை வருஷ ஜெயில்னு தீர்ப்பு சொல்லுச்சு. என்னைக் கேட்டா குத்தம் அந்த ஒரு ஆள் மேல மட்டும் இல்ல. "நானோ", "ஸ்டெம் செல்" ரெண்டும் ஒரே வரில வந்ததும் இவ்ளோ பெரிய இடமே சாதாரண கேள்வியக் கூட கேக்க மறந்துடுச்சு.

பெரியம்மா கேஸுக்கு வர்றேன். முட்டில இருக்கிற குருத்தெலும்புக்கு இயல்பாவே ரத்தக்குழாய் கிடையாது, அதனால ஸ்கேஃபோல்ட் (செல்லை தாங்கிப் பிடிக்கிற சாரம்) வேலைக்கு மூச்சுக்குழாயை விட அது நல்ல இடம், ஒத்துக்கிறேன். ஆனா ஃபுட்பால் ஆடி ஒரு துண்டு பேந்து போன இருபது வயசுப் பையன் வேற, முட்டி பூரா தேஞ்சு போன அறுபத்தெட்டு வயசு வேற. நம்ம ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில்) 2017 விதிப்படி ரத்த நோய்களுக்கு பண்ற மஜ்ஜை மாற்று மாதிரி சிலதைத் தவிர மத்த ஸ்டெம் செல் எல்லாமே ட்ரையல்தான், அதாவது இன்னும் ஆராய்ச்சி சோதனைதான், சிகிச்சைன்னு சொல்லி விக்கக் கூடாது. இதுல தவணை எங்கேர்ந்து வந்துச்சு?

காலைல போன் பண்ணி, பெரியம்மா அந்த கிளினிக்ல ட்ரையல் ரெஜிஸ்ட்ரேஷன் நம்பர் என்னன்னு மட்டும் கேளுங்கன்னேன். பத்தே நிமிஷத்துல திருப்பி கூப்பிட்டாங்க, "கேட்டேன் கண்ணு, அந்தப் பொண்ணு என் ஆதார் நம்பரான்னு கேக்குது".