கைதானவன் கோயிலில் நின்றால் உங்களுக்கு என்ன?

அந்தப் படத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். நம் சிங்கப்பூரில் வெள்ளி இரவு காப்பிக்கடைத் தகராறில் கைதாகிப் பிணையில் வந்த பையன், ஞாயிறு மதியம் கோயில் அன்னதான வரிசையில் தட்டோடு நிற்கிறான். யாரோ ஒரு புண்ணியவான் பின்னாலிருந்து படமெடுத்து, 'உள்ளே போனவர் அதற்குள் வெளியே! காசு இருந்தால் எல்லாம் நடக்கும்' என்று எழுதிச் சுற்றுக்கு விட்டிருக்கிறார். அதன்கீழ் சிரிப்பு முகங்கள் வரிசைகட்டி நிற்கின்றன. பையனின் அம்மாவும் அந்த வாட்ஸ்அப் குழுவில்தான் இருக்கிறார் என்பது ஒருவருக்கும் நினைவில்லை. அல்லது நினைவிருந்தேதான் செய்தார்களோ, என்னவோ.

அவன் அடித்தானா இல்லையா என்பது எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. பிணையில் விட்ட அதிகாரியும் அதைத் தீர்மானித்து அவனை விடவில்லை. கூப்பிட்ட நாளில் வருவானா, சாட்சிகளைப் போய்க் கலைப்பானா, வெளியே போனால் மறுபடியும் ஏதாவது செய்வானா என்றுதான் பார்த்திருப்பார். பிணை தீர்ப்பு ஆகாது. இதை எத்தனை முறை எழுதினாலும் நம்மவர்களுக்கு ஏறாது, இருந்தாலும் எழுதுகிறேன்.

கைது செய்தவரை 48 மணி நேரத்துக்குள் நீதிபதிமுன் நிறுத்தவேண்டும் என்று நம் அரசமைப்புச் சட்டத்தின் 9ஆம் பிரிவு சொல்கிறது. விசாரணையோ 48 மணி நேரத்தில் முடிகிற காரியமில்லை. கேமரா பதிவு, மருத்துவ அறிக்கை, சாட்சிகளின் வாக்குமூலம் என்று மாதக்கணக்கில் இழுக்கும். அதுவரை ஆளை என்ன செய்வது? பிணையில் விடத்தக்க குற்றமென்றால் விட்டே ஆகவேண்டும் என்கிறது குற்றவியல் நடைமுறைச் சட்டம். பிணையில் விடத்தகாத குற்றமென்றாலும் விடலாமா கூடாதா என்று அதிகாரியோ நீதிமன்றமோ முடிவெடுக்கலாம். மரண தண்டனைக்குரிய குற்றச்சாட்டு என்றால் அந்தக் கதவு மூடியிருக்கும். ஆகவே ஞாயிறன்று அவன் வெளியே இருந்தது யார் தயவாலும் அல்ல. சட்டம் அப்படித்தான் இருக்கிறது.

'காசு இருந்தால்' என்று எழுதிய அறிவாளிக்கு ஒன்று. 2023 ஆகஸ்ட்டில் கள்ளப்பணத்தை நல்ல பணமாக்கிய வழக்கில் பத்து வெளிநாட்டினர் பிடிபட்டார்களே, அந்த வழக்கில் சிக்கிய சொத்து 300 கோடி சிங்கப்பூர் வெள்ளி. அவர்களிடம் இல்லாத காசா? ஓடிவிடுவார்கள் என்ற அச்சத்தில் பத்துப் பேரையும் காவலிலேயே வைத்திருந்தார்கள். போதுமா?

நான் ஏன் இவ்வளவு கொதிக்கிறேன் என்று கேட்பீர்கள். சில ஆண்டுகளுக்குமுன் என் அக்கா மகனுக்காகப் பிணைக் கையெழுத்துப் போட்டவன் நான். அக்கா அழுதுகொண்டே தொலைபேசியில் கூப்பிட்டபோது நள்ளிரவு தாண்டியிருந்தது. காவல் பிரிவுத் தலைமையகத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் விடியும்வரை உட்கார்ந்திருந்தேன். 21 வயது ஆகிவிட்டதா (என் நரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்), குடிமகனா, நிரந்தரவாசியா, திவாலானவரா, உங்கள்மேல் வழக்கு ஏதும் உண்டா என்று விசாரணை அதிகாரி ஒவ்வொன்றாகக் கேட்டார். மரியாதையாகத்தான் கேட்டார், குறை சொல்ல மாட்டேன். பிறகு பத்திரத்தை நிறுத்தி நிதானமாகப் படித்துக்காட்டினார். பையன் அனுமதியில்லாமல் நாட்டைவிட்டுப் போகக்கூடாது. நான் தினமும் அவனோடு தொடர்பில் இருக்கவேண்டும். தொடர்பு அறுந்தால் 24 மணி நேரத்துக்குள் காவல்துறையில் புகார் கொடுக்கவேண்டும். அவன் வராமல் போனால் என் பணம் போகும்.

கடப்பிதழை வாங்கிக்கொண்டு பையனை வெளியே விட்டார்கள். இடைவாரும் சப்பாத்துக் கயிறும் முத்திரையிட்ட பையில் திரும்பி வந்தன. அவற்றை மாட்டக்கூட அவனுக்குக் கை ஓடவில்லை, நான்தான் குனிந்து கயிற்றைக் கட்டிவிட்டேன். இருபத்து மூன்று வயதுப் பையனுக்கு! கடைசியில் மேல்நடவடிக்கை இல்லை என்று வழக்கு முடிந்தது. ஆனால் அதற்குள் அவனுக்குப் பேசி வைத்திருந்த பெண் வீட்டார் பின்வாங்கிவிட்டார்கள். நீதிமன்றப் படியே ஏறாத பையனுக்கு நம் உறவினர்கள் கொடுத்த தண்டனை அது.

'பாதிக்கப்பட்டவனைப் பற்றி உனக்குக் கவலை இல்லையா' என்று ஒருவர் நிச்சயம் கேட்பார். இருக்கிறது. அடிபட்டவரை நெருங்கக்கூடாது என்று நிபந்தனை போடவும், மீறினால் பிணையை ரத்துசெய்து உள்ளே தள்ளவும் சட்டத்தில் வழி இருக்கிறது. 'ஓடிப்போனவர்கள் இல்லையா?' இருக்கிறார்கள், பிடிபடும்போது அதற்கும் சேர்த்து வாங்கிக்கட்டிக்கொள்கிறார்கள். 'உன் வீட்டில் நடந்தால் தெரியும்' என்பவர்களுக்குப் பதில் சொல்லப் போவதில்லை. என் வீட்டில் நடந்ததைத்தான் இவ்வளவு நேரம் எழுதினேன்.

உண்மையில் கோபப்படவேண்டிய இடம் வேறு. பிணை கிடைத்தும் வெளியே வரமுடியாதவர்கள் இருக்கிறார்கள், அவர்களை யாரும் படமெடுப்பதில்லை. புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு வெளிநாட்டு ஊழியரை எனக்குத் தெரியும். நீதிமன்றம் பிணை அனுமதித்துவிட்டது. கையெழுத்துப் போட ஆள் வேண்டுமே! தங்குவிடுதியில் அவரோடு இருந்த அத்தனை பேரும் வேலை அனுமதிச்சீட்டுக்காரர்கள். குடிமகனோ நிரந்தரவாசியோ ஒருவர்கூட இல்லை. முதலாளி கைவிரித்துவிட்டார். சில நூறு வெள்ளி குறைந்ததற்காக இல்லை, தெரிந்தவர் ஒருவர் இல்லாததற்காக அந்த மனிதர் உள்ளேயே கிடந்தார்.

கடைசியில் லிட்டில் இந்தியாவின் தேக்காவில் மளிகைக்கடை வைத்திருக்கும் ஓர் அம்மா கையெழுத்துப் போட்டார். அந்த அம்மாவின் கடையில் ஊழியர் அரிசியும் தொலைபேசி அட்டையும் வாங்குவார் என்பதைத் தவிர இருவருக்கும் எந்த உறவும் கிடையாது. வெளியே வந்தும் வேலை பார்க்க அனுமதியில்லை, ஊருக்கும் போகமுடியாது. அந்த அம்மா தினமும் சாயங்காலம் கடையில் விளக்கேற்றிய கையோடு கைப்பேசியை எடுத்து, 'தம்பி, சாப்பிட்டாயா? எங்கே இருக்கிறாய்?' என்று கேட்டுவிட்டு, நாட்காட்டியில் அன்றைய தேதிமேல் பேனாவால் ஒரு கோடு போடுவார். சட்டத்துக்கு அவர் காட்டிய கணக்கு அது. வழக்கு முடியும்வரை ஒருநாள்கூட விடவில்லை.

அவருடைய சொந்தக்காரர்கள் என்ன சொன்னார்கள் தெரியுமா? 'யாரோ எவனோ, உனக்கு ஏன் இந்த வேண்டாத வேலை?' அப்படிக் கேட்டவர்களில் இரண்டு பேர் என் நட்புப் பட்டியலில் இருக்கிறார்கள். இதையும் படிப்பார்கள். படிக்கட்டும்.