லேப் பாதுகாப்பு: டிக் போடுவது யார் வேலை?

வருடத்துக்கு ஒருமுறை லேப்களில் ஒரு படிவம் சுற்றும். பாதுகாப்பு சுயமதிப்பீடு. ஃபியூம் ஹூட் (ரசாயனப் புகையை வெளியே இழுக்கும் கூண்டு) ஒழுங்காக இழுக்கிறதா, கேஸ் சிலிண்டர்களைச் சங்கிலி போட்டுக் கட்டியிருக்கிறதா, கண் கழுவும் குழாயில் தண்ணீர் வருகிறதா என்று இரண்டு மூன்று பக்கம். கைடு (ஆராய்ச்சியை வழிநடத்தும் பேராசிரியர்) மேசைக்கு வந்து, சீனியர் ஸ்காலரிடம் போய், கடைசியில் நேற்று சேர்ந்த ஜூனியர் கையில் நிற்கும். அவரும் போன வருடத்துப் படிவத்தைப் பார்த்து டிக் போட்டுக் கொடுத்துவிடுவார். கைடு கையெழுத்து. முடிந்தது.

அந்த ஜூனியரைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. ஹூட் சரியாக இழுக்கவில்லை என்று அவர் எழுதினால் யார் சரிசெய்வது? அவரிடம் பணமும் இல்லை, வேலையை நிறுத்தச் சொல்லும் அதிகாரமும் இல்லை. ("சார், ஹூட்டுக்குள்ள பாட்டில் அடுக்காதீங்க" என்று கைடிடம் சொன்ன முதலாண்டு மாணவர் யாராவது இருந்தால் சொல்லுங்கள், நேரில் வந்து பார்க்கிறேன்.)

இந்தப் பேச்சு வரும்போதெல்லாம் எனக்கு லாஸ் ஏஞ்சலஸின் யுசிஎல்ஏ பல்கலைக்கழக விபத்துதான் நினைவுக்கு வரும். 2008 டிசம்பர் 29. ஷெரி சாங்ஜி, வயது 23, ஆராய்ச்சி உதவியாளர். காற்றுப் பட்டாலே தீப்பிடிக்கும் டெர்ட்-பியூட்டைல் லித்தியத்தை சிரிஞ்சில் எடுக்கிறார். பிஸ்டன் கழன்று வந்துவிடுகிறது. போட்டிருந்தது செயற்கை நூல் ஸ்வெட்டர், மேலே லேப் கோட் இல்லை. 18 நாள் கழித்து இறந்துபோனார்.

அதே லேபை அக்டோபரில் பல்கலைக்கழகத்தின் சொந்தப் பாதுகாப்பு அலுவலகமே ஆய்வு செய்திருந்தது. ஒரு டஜனுக்கு மேல் குறைகள். ஆட்கள் லேப் கோட் போடுவதில்லை என்பதும் அதில் ஒன்று. ஆக, கண்டுபிடிக்க வேண்டியதைக் கண்டுபிடித்துவிட்டார்கள், எழுதியும் கொடுத்துவிட்டார்கள். அதற்கப்புறம் யாரும் லேப் கோட்டை மாட்டவைக்கவில்லை, மாட்டும்வரை வேலை நடக்கக் கூடாது என்று சொல்லவுமில்லை. மாநிலத் தொழில் பாதுகாப்புத் துறை 31,875 டாலர் அபராதம் போட்டது. 2011 கடைசியில் பேராசிரியர்மீதும் பல்கலைக்கழக நிர்வாகத்தின்மீதும் குற்றவழக்கே வந்தது. இரண்டும் உடன்பாட்டில் முடிந்தன. பேராசிரியருக்கு 800 மணி நேர சமூக சேவை, தீக்காய மருத்துவமனைக்கு 10,000 டாலர்.

டெக்சாஸ் டெக் பல்கலைக்கழகத்தில் 2010 ஜனவரியில் நடந்தது வேறு மாதிரி. வெடிக்கக்கூடிய நிக்கல் ஹைட்ரசீன் பெர்குளோரேட்டை 100 மில்லிகிராமுக்கு மேல் செய்யக் கூடாது என்று விதி. ஆனால் அது வாய்மொழியாக மட்டுமே இருந்தது, பின்பற்றுகிறார்களா என்று பார்க்கவும் ஆளில்லை. மாணவர்கள் கிட்டத்தட்ட 10 கிராம் செய்தார்கள். ஒருவருக்கு மூன்று விரல்கள் போயின. அங்கே சில பேராசிரியர்கள் பாதுகாப்பு ஆய்வையே தங்கள் கல்விச் சுதந்திரத்தில் தலையிடுவதாகப் பார்த்தார்கள் என்று அமெரிக்க ரசாயனப் பாதுகாப்பு வாரியத்தின் அறிக்கை சொல்கிறது.

எனக்கு அந்தச் சுதந்திர வாதம் துளியும் புரியவில்லை. என்ன வினை செய்ய வேண்டும் என்பதை நீங்கள் தீர்மானியுங்கள். யார் வேண்டாம் என்றது? அந்த வினையை என்ன போட்டுக்கொண்டு, எவ்வளவு அளவில், யார் மேற்பார்வையில் செய்வது என்பதற்கும் நீங்கள்தானே பொறுப்பு? ப்ராஜெக்ட் பணம் உங்கள் பெயரில் வருகிறது, கட்டுரையில் உங்கள் பெயர் இருக்கிறது, சுயமதிப்பீட்டுக்கு மட்டும் ஜூனியரா?

மாணவர் கண்ணில் பட்டதை எழுதட்டும், பெஞ்சில் நிற்பவருக்குத்தான் அது தெரியும். ஆனால் கைடு கூடவே நடக்க வேண்டும், ஒவ்வொரு குறைக்கு எதிரிலும் ஒரு பெயரும் தேதியும் அவர் கையாலேயே எழுத வேண்டும். பாதுகாப்பு அதிகாரி கைடுக்காகப் படிவம் நிரப்பக் கூடாது. அவர் வேலை, அந்தத் தேதியில் திரும்பி வந்து பார்ப்பது. சரியாகவில்லையென்றால் ஹூட்டைப் பூட்டும் அதிகாரமும் அவருக்கு வேண்டும். துறைத் தலைவருக்குக் கீழே அவரை உட்காரவைத்தால் அது நடக்காது.

கைடுகளுக்கு நேரமில்லை என்பார்கள். சரி, அப்படியானால் இப்படிச் செய்யலாம்: ஒரே குறை இரண்டாவது முறையும் படிவத்தில் வந்தால், அந்த லேபின் அடுத்த கெமிக்கல் ஆர்டரில் துறைத் தலைவர் கையெழுத்துப் போடக் கூடாது. நேரம் தன்னால் கிடைத்துவிடும்.