44ல பாதி 22

(மதுரையில் ஒரு சின்ன வாட்ச் கடை. கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால், ஒரு கண்ணில் லென்ஸ் மாட்டியபடி பாய். முன்னால் ஒரே ஒரு ஸ்டூல். முருகேசன் ஒரு பாலிதீன் கவரோடு வந்து அதில் உட்காருகிறார்.)

முருகேசன்: பாய், இந்த ஸ்டீல் செயினை என் ஸ்மார்ட் வாட்ச்சுல மாட்டித் தரணும். சின்ன வேலைதான்.

பாய்: வீட்ல பாத்துட்டு முடியாம வர்றவங்க எல்லாருமே சின்ன வேலைன்னுதான் சார் சொல்லுவாங்க. காட்டுங்க. என்ன இது, ஓரமெல்லாம் இப்படிக் கீறியிருக்கு?

முருகேசன்: கொஞ்சம் அகலமா இருந்துச்சு. அரம் போட்டு ராவிப் பாத்தேன்.

பாய்: அகலமா ஏன் வாங்குனீங்க?

முருகேசன்: கணக்குப் பண்ணித்தான் பாய் ஆன்லைன்ல போட்டேன். வாட்ச் 44 மில்லிமீட்டர். செயின் மேல ஒரு பக்கம், கீழ ஒரு பக்கம். 44ல பாதி 22. வாங்குனது 22.

பாய்: (லென்ஸைக் கழற்றிவிட்டு) சார் என்ன வேலை பாக்குறீங்க?

முருகேசன்: கணக்கு டியூஷன்.

பாய்: பாவம் பிள்ளைங்க. இங்க பாருங்க, 44ங்கிறது வாட்ச்சோட மூஞ்சி அளவு. செயினுக்கு அது வேணாம். வாட்ச்சுல ரெண்டு கொம்பு நீட்டிட்டு இருக்குல்ல, அதுக்கு நடுவுல உள்ள இடைவெளிதான் செயின் அகலம். (வெர்னியர் அளவுகோலை வைத்து) பாத்தீங்களா, சரியா 20. இந்த சாம்சங் கேலக்ஸி வாட்ச்சுல 4, 5, 6 மாடல் எல்லாத்துக்குமே 20தான். உங்க 44ம் சரி, சின்ன 40ம் சரி. அதுக்கு முன்னாடி வந்த பழைய 46 மில்லிமீட்டர் கேலக்ஸிக்கு 22.

முருகேசன்: ரெண்டு மில்லிமீட்டர்தானே வித்தியாசம்?

பாய்: அந்த ரெண்டுதான் உள்ள போகாது. 18 வாங்கியிருந்தாலாவது மாட்டிரும். ஆனா ரெண்டு பக்கமும் ஒரு மில்லி இடம் விட்டு, கை ஆட்டும்போதெல்லாம் பின்னு மேலேயே நகர்ந்துட்டு இருக்கும். சரி, ரிட்டர்ன் போட்டுருங்க.

முருகேசன்: எடுக்க மாட்டான் பாய். நாலு லிங்க் கழட்டிட்டேன்.

பாய்: வாட்ச்சுல மாட்டுறதுக்கு முன்னாடியேவா?

முருகேசன்: நேரம் மிச்சமாகும்னு நெனச்சேன்.

பாய்: எதை வச்சுக் கழட்டுனீங்க?

முருகேசன்: கூடவே ஒரு நீல பிளாஸ்டிக் டூல் குடுத்திருந்தான். திருகுனா ஊசி பின்னைத் தள்ளும்னு போட்டிருந்துச்சு. திருகுனேன். ஊசி ஒடிஞ்சிருச்சு. அப்புறம் கோணி ஊசி, அம்மிக்கல்.

பாய்: டூல் நல்ல டூல்தான் சார். ஊசி நேரா ஓட்டையைப் பாத்து நிக்கணும், கொஞ்சம் சாஞ்சாலும் லிங்க் உடம்புல முட்டி ஒடிஞ்சிரும். முதல்ல மெதுவாத் திருகணும். பின் அசைஞ்சது தெரிஞ்சப்புறம்தான் அழுத்தணும். அது கெடக்கட்டும், லிங்க் உள்பக்கம் ஒரு அம்புக்குறி இருந்துச்சே, பாத்தீங்களா?

முருகேசன்: இருந்துச்சு. கைக்கு எந்தப் பக்கம் போகணும்னு காட்டுறான்னு நெனச்சேன்.

பாய்: அது பின் வெளிய போற திசை சார். அம்பு காட்டுற பக்கமாத் தள்ளுனாத்தான் வரும். எதிர்ப்பக்கம் தட்டுனா உள்ள இறுகிக்கும். நீங்க அம்மிக்கல்லைத் தூக்குன காரணம் இதுதான். கழட்டும்போது குட்டியா ஒரு குழாய் எதுவும் விழுந்துச்சா?

முருகேசன்: எள்ளு சைஸுல என்னமோ விழுந்துச்சு. தூசின்னு ஊதிட்டேன்.

பாய்: (கொஞ்ச நேரம் சுவரைப் பார்க்கிறார்) அதுதான் சார் காலர். சில செயின்ல நடுத்துண்டுக்குள்ள அந்தக் குழாய் இருக்கும். பின்னை இறுக்கிப் பிடிக்கிறதே அதுதான். அது இல்லாம மாட்டுனாலும் பின் அழகா உள்ள போயிரும். நீங்க பஸ்ல கம்பியைப் பிடிக்கிறப்போ அழகா வெளியவும் வந்துரும். அதுக்குத்தான் நாங்க வெள்ளைத் தட்டு வச்சு வேலை பாக்குறோம்.

முருகேசன்: அப்போ இந்தச் செயின்?

பாய்: (ஒரு காந்தத்தைப் பக்கத்தில் கொண்டுபோகிறார். செயின் பாய்ந்து ஒட்டிக்கொள்கிறது.) துக்கம் கொண்டாட வேணாம். இது சரக்கும் சரியில்ல. கைக்குக் கட்டுற நல்ல ஸ்டீலை 316எல்னு சொல்லுவாங்க. காந்தம் அதுல ஒட்டவே ஒட்டாது, மிஞ்சிப்போனா லேசா இழுக்கும். மாலிப்டினம்ங்கிற உலோகம் கலந்திருக்கிறதுனால வியர்வை உப்புக்குச் சட்டுன்னு அரிக்காது. உங்களுது கவ்விப் பிடிக்குது பாருங்க. மேல பாலிஷ், உள்ள இரும்பு.

முருகேசன்: சரி, நீங்களே ஒண்ணு எடுங்க. தங்கக் கலர்ல இருக்கட்டும். மச்சான் கல்யாணம் வருது.

பாய்: கலர் செயின் வேணாம்னு சொல்லல, என்ன விலைக்கு வாங்குறீங்கங்கிறதுதான் விஷயம். நல்ல பூச்சின்னா உழைக்கும். ஆனா கறுப்போ தங்கமோ, கீறல் விழுந்தா உள்ள இருக்கிற வெள்ளை பல்லைக் காட்டும். மலிவுல முலாம் மட்டும் பூசி வருது பாருங்க, அது பக்கிள் பக்கம்தான் முதல்ல உரியும், மேஜையில உரசுறது அந்த இடம்தானே. உரிஞ்சு உள்ள நிக்கல் இருந்தா, ஒத்துக்காத தோலுக்கு அரிப்பெடுத்துச் செவந்துரும். கல்யாண வீட்டுல சொரிஞ்சுட்டு நிக்கலாமா?

முருகேசன்: வெள்ளையே குடுங்க. அந்த வலை மாதிரி ஒண்ணு தொங்குதே?

பாய்: மிலனீஸ். காந்தத்துல ஒட்டுறது, லிங்க் கழட்டுற வேலையே இல்ல. எந்த அளவுக்கும் நிறுத்திக்கலாம், காத்தும் போகும். கையில முடி ஜாஸ்தின்னா அப்பப்போ ஒண்ணு ரெண்டைப் பிடுங்கும். காந்தம் இருக்கிறதால வாட்ச்சுல உள்ள திசைகாட்டி தப்பாக் காட்டவும் செய்யும்.

முருகேசன்: வீட்டுல இருந்து டியூஷன், டியூஷன்ல இருந்து வீடு. எனக்கெதுக்குப் பாய் திசை? ஆனா முடி வேணும். லிங்க் செயினே குடுங்க. கனமா இருக்கணும்.

பாய்: கனம் கேக்காதீங்க. உங்க வாட்ச் உடம்பு 30 கிராம் சொச்சம். ஸ்டீல் செயின் 70, 80 கிராம் வந்துரும். வண்டியை விட மாடு கனம். கொஞ்சம் லூசா இருந்தாலும் செயின் கீழ இழுத்துட்டுப் போயி, மூஞ்சி கைக்கு அடியில வந்து நிக்கும். டைட்டானியம் இருக்கு. அதே அளவுல ஸ்டீல் எடையில பாதிக்குக் கொஞ்சம் மேலதான் வரும். விலைதான் ஏறும்.

முருகேசன்: அப்போ ஸ்டீலே நல்ல உலோகம்.

பாய்: (ஒன்றை எடுத்து வைக்கிறார்) இந்தாங்க. முனை வளைஞ்சிருக்கு பாருங்க, வாட்ச் உடம்போட ஒட்டி உக்காரும். இது இந்த மாடலுக்குன்னே செஞ்சது. நேர் முனைச் செயின் எந்த 20க்கும் மாட்டும், ஆனா நடுவுல பிறை அளவுக்கு இடைவெளி தெரியும். கைய நீட்டுங்க. காலையில வந்திருந்தா நான் அளவே எடுத்திருக்க மாட்டேன்.

முருகேசன்: ஏன், ராகு காலமா?

பாய்: காலையில குளிச்சுட்டு வந்தா மணிக்கட்டு சுருங்கியிருக்கும். நம்மூரு வெயிலுக்கு மத்தியானத்துல உப்பிரும். ரப்பர் பட்டைன்னா ஒரு ஓட்டை தள்ளிப் போட்டுக்கலாம், செயின் இழுபடாது. (செயினைச் சுற்றிப் பார்க்கிறார்) அஞ்சு லிங்க் ஜாஸ்தி. 6 மணி பக்கம் மூணு, 12 மணி பக்கம் ரெண்டு எடுக்குறேன்.

முருகேசன்: ஒரே பக்கம் அஞ்சையும் எடுத்துட்டா வேலை சீக்கிரம் முடியுமே?

பாய்: முடியும். பக்கிள் அடியில நடுவுல இருக்காது, மணிக்கட்டு ஓரத்துல ஏறி நின்னு எலும்புல குத்தும். ரெண்டு பக்கமும் சமமா எடுக்கணும். ஒத்தைப்படையா வந்தா அந்த ஒண்ணை 6 மணி பக்கம் எடுக்கணும். (டக், டக் என்று தட்டுகிறார்) பாத்தீங்களா, அம்புத் திசையில வந்துருச்சு. இப்போ பின்னைத் திரும்ப விடப் போறேன். ஒரு முனை பிளந்திருக்கு, தெரியுதா? மொட்டை முனையை அம்புக்கு எதிர்ப்பக்கமா முதல்ல நுழைக்கணும். பிளந்த முனை கடைசியில போகணும். அதுதான் விரிஞ்சு பிடிச்சுக்கும். விரலால தள்ளுனாலே முழுசா உள்ள போயிருச்சுன்னா அந்தப் பின் வேலைக்கு ஆகாது. கடைசி ஒரு மில்லிக்குச் சுத்தியல் கேக்கணும்.

முருகேசன்: வாட்ச்சுல மாட்டுறதுக்குமா சுத்தியல்?

பாய்: ஐயய்யோ, அங்க நகம் போதும். செயின் முனையில ஸ்பிரிங் பின்னு இருக்கு, அதுல குட்டி நெம்பு இருக்கு. ஒரு பக்கத்தைக் கொம்பு ஓட்டையில வச்சு, நெம்பை உள்ளுக்கு இழுத்து, மறுபக்கத்தை இறக்கி விடணும். 'டிக்'னு சத்தம் வரும். வந்துருச்சுன்னு நம்பிடக் கூடாது. மேஜை மேல துணி விரிச்சு, நல்லா இழுத்துப் பாக்கணும். பாதி மாட்டுன பின்னு மேஜையில விழலைன்னா, கிணத்துல எட்டிப் பாக்கும்போதுதான் விழும்.

(கையில் கட்டிவிடுகிறார்.)

முருகேசன்: கொஞ்சம் இறுக்கமா இருக்கே. நான் ரப்பர்ல காத்தாட விட்டுத்தான் கட்டுவேன்.

பாய்: நாடியெல்லாம் சரியாக் காட்டுச்சா?

முருகேசன்: அதைக் கேக்காதீங்க. கொய்யாப்பழம் வாங்கிட்டு நடந்து வர்றேன், 120ன்னு காட்டுது. வீட்டுக்காரி போன்ல பாத்துட்டு, 120 துடிக்கிற அளவுக்கு வழியில யாரைப் பாத்தீங்கன்னு கேட்டுட்டா.

பாய்: ஒருத்தரையும் பாத்திருக்க மாட்டீங்க சார். அடியில பச்சை லைட் எரியுதுல்ல? அது தோலுக்குள்ள ரத்தம் கூடிக் குறையுறதை வெளிச்சத்துல பாக்குது. வாட்ச் லூசா ஆடுனா வெளி வெளிச்சம் உள்ள வரும், கை ஆடுற தாளமும் கலந்துரும். நிமிஷத்துக்கு 120 அடி எடுத்து வச்சிருப்பீங்க, அது அடியை எண்ணி நாடின்னு சொல்லிருக்கு.

முருகேசன்: இதை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருவீங்களா?

பாய்: சீல் கிடையாது. (பக்கிளில் உள்ள சின்ன ஓட்டையில் பின்னை ஒரு இடம் நகர்த்துகிறார்) லிங்க்ல சரி வராத அளவை இங்க சரி பண்ணிக்கலாம். பட்டாம்பூச்சி பக்கிள்ல இந்த வசதி இருக்காது. பக்கிளுக்கும் கைக்கும் நடுவுல சுண்டு விரல் கஷ்டப்பட்டு நுழையுற அளவு போதும். மணிக்கட்டு எலும்பு மேல கட்டாம ஒரு விரக்கடை முழங்கை பக்கம் ஏத்திக் கட்டுங்க. ஓடுறது, தூங்குறதுக்கெல்லாம் ரப்பரை மாட்டிக்கோங்க.

முருகேசன்: ஓடுறதா? அந்தப் பேச்சே இல்ல. பளபளப்பு போகாம இருக்க என்ன பண்ணணும்? வீட்ல புளி போட்டுத் தேச்சா...

பாய்: பித்தளைச் சொம்பா சார் இது? புளி வேணாம், டூத் பேஸ்ட் வேணாம், அது மண்ணைப் போட்டுத் தேய்க்கிற கதை. பிளீச்சிங் பவுடர் தண்ணி பக்கமே கொண்டு போகாதீங்க. குளோரின் ஸ்டீல்ல ஊசி முனை அளவுக்குப் புள்ளி புள்ளியா அரிச்சிரும். வாரம் ஒரு தடவை செயினை மட்டும் கழட்டுங்க. வெதுவெதுப்பான தண்ணி, பாத்திரம் கழுவுற சோப்பு ரெண்டு சொட்டு, குழந்தைங்க பிரஷ். லிங்க் நடுவுல கறுப்பா நிக்கிறது துருவில்ல, வியர்வையும் செத்த தோலும்தான். நல்லாத் தேச்சு நல்ல தண்ணியில அலசி, துணியால ஒத்தி, காத்துல காயவிட்டு மாட்டுங்க. ராமேஸ்வரம் போயி கடல்ல முங்குனீங்கன்னா அன்னைக்கே அலசணும். ஸ்பிரிங் பின்னுல உப்பு உக்காந்தா உள்ள ஸ்பிரிங் சிக்கிக்கும். அப்படி ஆனா பின்னை மாத்துறதுதான் வழி. சின்னச் செலவு.

முருகேசன்: கீறல் விழுந்தா?

பாய்: கோடு கோடா மங்கலா இருக்கிற பாகத்துக்குப் பாத்திரம் தேய்க்கிற பச்சை நாரு போதும். கோடு போற திசையில மட்டும் லேசா இழுக்கணும். குறுக்க இழுத்தா முடிஞ்சது. கண்ணாடியாட்டம் பளபளக்குற பாகத்துல அந்த நாரைக் காட்டவே கூடாது. இந்தாங்க, கழட்டுன அஞ்சு லிங்க், பின்னெல்லாம் கவர்ல இருக்கு. தொலைச்சிடாதீங்க, இதே லிங்க் தனியாக் கெடைக்காது.

முருகேசன்: எனக்கெதுக்கு? அளவுதான் எடுத்தாச்சே.

பாய்: மச்சான் கல்யாணத்துக்கு எத்தனை நாள் சாப்பாடு?

முருகேசன்: மூணு நாள்.

பாய்: கவரைப் பையில வைங்க.

(வாட்ச் அதிர்கிறது.)

முருகேசன்: பாய், வேலை செய்யுது! ரொம்ப நேரமா உக்காந்திருக்கீங்க, எந்திரிச்சு நடங்கன்னு சொல்லுது.

பாய்: நல்ல வாட்ச்சு. பின்னாடி மூணு பேரு நிக்கிறாங்க, அது சொல்றதைக் கேளுங்க.