"அப்ளை பண்ண வேண்டியதுதானே" என்று கேட்டவருக்கு

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்து வீடியோவை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். இலங்கைத் தமிழ் அகதிகள் முகாமில் பிறந்த அந்தப் பிள்ளை பேசிக்கொண்டிருக்கும்போதே முன்வரிசையிலிருந்து ஒருவர் கேட்டார்: "நாப்பது வருஷமா இங்கதானே இருக்கீங்க, குடியுரிமைக்கு அப்ளை பண்ண வேண்டியதுதானே?" அவர் தப்பான எண்ணத்தில் கேட்கவில்லை என்று இரண்டு நாளாக எழுதுகிறீர்கள். சரி. அந்தப் பிள்ளை பதில் சொல்லாமல் மைக்கை வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்தாளே, அதைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை.

அப்ளை பண்ண முடியாது. அதுதான் பதில்.

செல்லுபடியாகும் பாஸ்போர்ட்டும் விசாவும் இல்லாமல் இந்தியாவுக்குள் வந்தவர் சட்டத்தின் கண்ணில் 'சட்டவிரோதக் குடியேறி'. குடியுரிமைச் சட்டத்தில் 2003இல் கொண்டுவந்த திருத்தம், அப்படிப்பட்டவர் பதிவு செய்து குடியுரிமை பெறும் வழி, நீண்டகாலம் வசித்துப் பெறும் வழி இரண்டையும் அடைத்துவிட்டது. விண்ணப்பத்தோடு வெளிநாட்டு பாஸ்போர்ட் நகலும் வசிப்பு அனுமதியும் வைக்க வேண்டும். 1983க்குப் பிறகு மன்னாரில் படகேறி அரிச்சல்முனை மணல்திட்டில் இறக்கிவிடப்பட்டவர்களிடம் அது எங்கிருந்து வரும்? சென்னையில் உள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் பின்னாளில் பாஸ்போர்ட் எடுத்தாலும், அதில் இந்திய விசா முத்திரை இருக்காது. அங்கேயே நின்றுவிடும்.

"இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு என்ன?" நியாயமான கேள்வி. 1987 ஜூலை 1க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர், பெற்றோர் யாராக இருந்தாலும், பிறப்பாலேயே இந்தியக் குடிமகன். அதற்குப் பிறகு பிறந்திருந்தால் தாய் தகப்பனில் ஒருவராவது குடிமகனாக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3 முதல் அதுவும் போதாது. மற்றவர் சட்டவிரோதக் குடியேறியாக இருக்கக் கூடாது. ஆகவே ஒரே பத்துக்குப் பத்து அறையில், ஒரே தாய்க்கு, 1986இல் பிறந்த அக்கா இந்தியர், 1989இல் பிறந்த தம்பி அந்நியர். மண்டபம் முகாமில் 1986இல் பிறந்த ஒரு பெண்ணுக்கு பாஸ்போர்ட் கொடுக்கச் சொல்லி 2022இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. 2024 தேர்தலில் அவர் ஓட்டும் போட்டார். சட்டத்தில் 1955இலிருந்தே இருக்கிற உரிமை அது. அதை வாங்க அவர் கோர்ட்டுக்குப் போக வேண்டியிருந்தது.

"அரசாங்கம் காசு கொடுக்குது, வீடு கட்டித் தருது, இன்னும் என்ன வேணும்?" கொடுக்கிறது, மறுக்கவில்லை. 2021இல் குடும்பத் தலைவருக்கு மாதம் 1,500, மற்ற பெரியவர்களுக்கு 1,000, பிள்ளைகளுக்கு 500 என்று உயர்த்தினார்கள். 'அகதிகள் முகாம்' என்ற பெயரை 'மறுவாழ்வு முகாம்' என்று மாற்றினார்கள். அதற்கு நன்றியும் உண்டு. ஆனால் குடியுரிமை இல்லாமல் அந்த 1,500ஐ மட்டும் வைத்துக்கொண்டு ஒரு பட்டதாரி டிஎன்பிஎஸ்சி எழுத முடியாது.

"போர் முடிஞ்சிருச்சு, திரும்பிப் போகலாமே" என்பவர்களுக்கு நான் பதில் சொல்லப் போவதில்லை. போக விரும்புகிறவர்கள் போகட்டும். பிறந்ததிலிருந்து திருச்சியை மட்டுமே பார்த்த பிள்ளையிடம் "திரும்பிப் போ" என்று சொல்ல உங்களுக்கு எப்படி வாய் வருகிறது?

இன்னொன்றும் இருக்கிறது, நம்மில் பலருக்கு இது தெரியாது. முகாம்களில் இருப்பவர்களில் ஆயிரக்கணக்கானோர் மலையகத்துக்காரர்கள். புதுக்கோட்டையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் ராமநாதபுரத்திலிருந்தும் இலங்கை மலையகத்தின் தேயிலை, காப்பித் தோட்டங்களுக்கு வேலைக்குப் போனவர்களின் வாரிசுகள். 1948இல் இலங்கை அவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964இல் இரண்டு பிரதமர்கள் உட்கார்ந்து 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று தலையெண்ணிப் பிரித்தார்கள். 1977 கலவரத்தில் தோட்டத்தை விட்டு வவுனியாவுக்கு ஓடினார்கள், அங்கிருந்து இங்கே. அந்த நாட்டில் அவர்களைக் கூப்பிட்ட பெயர் 'கள்ளத்தோணி'. தாத்தாவின் ஊருக்கே தோணியில் வந்து சேர்ந்தபோது நம் சட்டம் வைத்த பெயரும் கிட்டத்தட்ட அதேதான். பக்கத்துத் தெருக்காரர்கள் சொல்வது 'சிலோன்காரங்க'. 2019இல் இவர்களின் விண்ணப்பங்களைப் பரிசீலிக்கச் சொல்லி மதுரைக் கிளை தீர்ப்புச் சொன்னது. அதே ஆண்டு டிசம்பரில் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் இருந்தன. இலங்கை இல்லை. அந்த வலி எனக்கு இன்னும் ஆறவில்லை.

உதவ நினைப்பவர்கள் ஒன்று செய்யுங்கள். உங்களுக்குத் தெரிந்த முகாமில் 1987 ஜூலைக்கு முன் இங்கே பிறந்தவர் யார் என்று விசாரியுங்கள். பிறப்புச் சான்றிதழில் பிள்ளையின் பெயர் இருக்கிறதா, தகப்பன் பெயரும் இனிஷியலும் முகாம் அட்டையோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் அங்கேதான் இடிக்கும். பிறப்பே பதிவாகவில்லை என்றால், பதிவில் இல்லை என்ற சான்றை முதலில் வாங்கி, கோட்டாட்சியர் உத்தரவுக்கு மனுப் போட வேண்டும். பிரசவ ஆஸ்பத்திரிச் சீட்டு, பள்ளி மாற்றுச் சான்றிதழ், பழைய முகாம் பதிவு, எது கிடைத்தாலும் பத்திரப்படுத்தச் சொல்லுங்கள்.

அந்த முன்வரிசை அண்ணனுக்கும் இதையே சொல்கிறேன். அந்தப் பிள்ளையின் அம்மா எந்த வருஷம், எந்த ஊரில் பிறந்தார் என்று போய்க் கேளுங்கள் அண்ணா. அடுத்த கூட்டத்துக்கு முன்னால் கேளுங்கள்.