இன்ஜினைக் கேட்காதே, அடியில் படுத்துப் பார்

அக்கா மகன் போன வாரம் ஒரு படம் அனுப்பினான். சிவப்பு நிற சான் ஸ்டார்ம். இரண்டே இருக்கை, மடக்கித் திறக்கும் துணிக்கூரை. "மாமா, கடலூரில் விலைக்கு வருகிறது. சாவியைத் திருப்பியதும் ஸ்டார்ட் ஆகிறது. பாடி முழுக்க பைபர், துருப் பிடிக்கவே பிடிக்காது. முன்பணம் கொடுத்துவிடட்டுமா?" என்று கேட்டிருந்தான். வேலைக்குப் போய் இரண்டு வருடம் சேர்த்த பணம். வார இறுதிகளில் தானே கழற்றி, தானே மாட்டி, ஒரு வண்டிக்கு உயிர் கொடுக்க வேண்டும் என்பது அவனுடைய நெடுநாள் ஆசை. அந்த ஆசையை நான் மனதார மதிக்கிறேன். அவனுக்கு மட்டும் சொல்ல நினைத்த பதிலை இங்கேயே எழுதுகிறேன். இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் பலர் இதே கேள்வியை என்னிடம் கேட்டிருக்கிறார்கள்.

'பைபர், துருப் பிடிக்காது' என்ற அந்தப் பேச்சுதான் என்னைக் கவலைப்பட வைத்தது.

விஷயம் தெரியாதவர்களுக்காகச் சில வரிகள். சான் ஸ்டார்ம் நம் நாட்டிலேயே, கோவாவில், 1990களின் இறுதியில் தயாரிக்கத் தொடங்கிய கார். ரெனோவின் 1.2 லிட்டர் பெட்ரோல் இன்ஜின், சுமார் 60 குதிரைத்திறன். வேகத்தில் இன்றைய சாதாரணக் குடும்பக் கார்கூட அதை முந்திவிடும். ஆனால் எடை குறைவு, தரையோடு ஒட்டிய உட்காருமிடம், தலைக்கு மேல் வானம். கூரையைத் திறந்துவிட்டு விடியற்காலையில் மரக்காணம் உப்பளங்களுக்கு நடுவே ஓட்டிப் பார்த்தால் 60 குதிரை போதும் என்று தெரியும். விற்றது மிகக் கொஞ்சம் என்பதால் இன்று விலைக்குக் கிடைப்பது அபூர்வம். கிடைக்கும்போது கை பரபரக்கும். அது எனக்கும் தெரியும்.

நான் என்னுடையதை வாங்குவதற்கு முன் முதலில் பார்த்த வண்டியும் கடலூரில்தான் இருந்தது. முதுநகரில், துறைமுகத்துக்குப் பக்கத்தில், ஒரு வீட்டுக் கொட்டகை. உரிமையாளர் சாவியைத் திருப்பினார், உடனே பிடித்துக்கொண்டது. பெயிண்டில் முகம் பார்க்கலாம். பழைய பெட்ஷீட் ஒன்றை விரித்து அடியில் படுத்தேன். பாடியைத் தாங்கும் இரும்புச் சட்டமான சேசிஸ் கறுப்பாகப் பளபளத்தது, விற்பதற்காகப் புதிதாகப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். பின்பக்க சஸ்பென்ஷன் வந்து சேரும் இடத்தில் மட்டும் அந்தக் கறுப்பு கொப்புளம் போல் உப்பியிருந்தது. ஸ்க்ரூ டிரைவர் முனையை வைத்து லேசாக அழுத்தினேன். அப்பளம் நொறுங்கும் சத்தம். முனை அப்படியே உள்ளே போய்விட்டது. வெளியே இழுத்தபோது டீத்தூள் நிறத்தில் செதில் செதிலாகத் துரு என் கன்னத்தில் கொட்டியது. உதட்டில் பட்டது உப்புக் கரித்தது. பக்கத்தில் இன்னோர் இடத்தில் குத்தினேன், அங்கேயும் அதே கதை. மேலே இன்ஜின் தாளம் தவறாமல் ஓடிக்கொண்டிருந்தது.

பைபர் துருப் பிடிக்காது என்பது உண்மை. அந்த பைபர் உட்கார்ந்திருக்கும் சட்டம் இரும்பு. இரும்பு பாடி உள்ள காரில் துரு கதவு ஓரத்திலும் சக்கர வளைவிலும் பெயிண்டை உப்ப வைத்துத் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். பைபர் பாடியில் அந்த எச்சரிக்கை கிடையாது. கீழே எலும்பு கரைந்துகொண்டிருக்கும், மேலே முகம் மட்டும் பளபளவென்று இருக்கும். வெளிநாட்டில் தானே கழற்றி மாட்டிப் பழகுவதற்கு வாங்கும் முதல் கார், அதாவது புராஜெக்ட் கார் என்றால் பலரும் மாஸ்டா எம்எக்ஸ்-5 என்பார்கள். 1989இல் வந்து, 10 லட்சத்துக்கும் மேல் தயாரான வண்டி. நம் நாட்டில் விற்பனைக்கே வரவில்லை. அதன் இன்ஜின் கல்லு போல நிற்கும். ஆனால் துணிக்கூரையிலிருந்து வடியும் தண்ணீர் வெளியேறும் துளை குப்பையால் அடைத்துக்கொண்டால், பின் சக்கரத்துக்கு முன்னால் உள்ள இரும்பு உள்ளுக்குள்ளேயே அழுகிவிடும். அந்தக் கார்கள் பெரும்பாலும் இன்ஜினால் சாவதில்லை, துருவால்தான் சாகின்றன.

ஆகவே "ஓடுகிற வண்டியாகப் பார்த்து வாங்கு" என்று எல்லோரும் சொல்லும் அறிவுரையை நான் ஏற்கவில்லை. கடற்கரையில் வாழும் நமக்கு அது பொருந்தாது. நான் கடைசியில் வாங்கியது கோயம்புத்தூர் பக்கம் ஒரு தோட்டத்து ஷெட்டில் பல வருடம் அசையாமல் நின்ற வண்டி. ஹெட் கேஸ்கெட் போயிருந்தது, ரேடியேட்டர் அடைத்திருந்தது, கிளட்ச் ஒட்டிக்கொண்டிருந்தது. லாரியில் ஏற்றித்தான் கொண்டுவந்தேன். என் மனைவி உட்பட யாருக்கும் அது புரியவில்லை. ஆனால் சேசிஸில் எந்த இடத்தில் தட்டினாலும் கோயில் மணி போல் கணீரென்று ஒலித்தது. இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டை இங்கே புதுச்சேரி மேட்டுப்பாளையத்தில் ஒரு லேத் பட்டறையில் கொடுத்துச் சீவி வாங்கினேன். டைமிங் பெல்ட்டும் வாட்டர் பம்பும் பிரான்சிலிருந்து வந்தன. அதே இன்ஜின்தான் அங்கே ரெனோ ட்விங்கோவிலும் கிளியோவிலும் இருந்தது. பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்த சொல்தாக்களின் குடும்பங்கள் நிறைந்த நம் ஊரில் விடுமுறைக்கு வரும் சித்தப்பா ஒருவருடைய பெட்டியில் துணிமணிக்கு நடுவே அவை வந்து சேர்ந்தன. இன்ஜினை இப்படிப் பகுதி பகுதியாகப் பிழைக்க வைக்கலாம். கரைந்துபோன சேசிஸை எந்தச் சித்தப்பாவாலும் கொண்டுவர முடியாது.

(அதே சித்தப்பா "இங்கே இரண்டு சீட்டுக் கார் மலிவு, முழுசாகவே அனுப்பட்டுமா?" என்று கேட்டார். தயாராகி 3 வருடத்துக்கு மேலான பழைய காரை இங்கே இறக்குமதி செய்ய முடியாது. ஸ்டியரிங் வலப்பக்கம் இருக்கவும் வேண்டும். அந்த எண்ணத்தை யாரும் வளர்த்துக்கொள்ள வேண்டாம்.)

பழைய சேசிஸை அறுத்துவிட்டுப் புதிதாக வெல்டிங் செய்துகொள்ளலாமே என்று கேட்பார்கள். சேசிஸ் எண் பொறித்திருக்கும் இடமே அரித்துப்போயிருந்தால் ஆர்.சி. புத்தகம் வெறும் காகிதம். தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை நம் விருப்பத்துக்கு மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது. இந்த வயதுக் கார்கள் பெரும்பாலும் 15 வருடப் பதிவுக் காலத்தைத் தாண்டியவை. 5 வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், அதற்கு ஆர்.டி.ஓ. ஆய்வு உண்டு. அதிகாரி முதலில் தேடுவது அந்த எண்ணைத்தான். எனவே விலை பேசுவதற்கு முன் மண்ணெண்ணெய் நனைத்த துணியால் அந்த இடத்தைத் துடைத்து, ஒவ்வோர் எழுத்தாக ஆர்.சி.யோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வேறு மாநிலத்து வண்டி என்றால் என்.ஓ.சி. (பதிவான ஊர் ஆர்.டி.ஓ. தரும் தடையில்லாச் சான்று) கைக்கு வந்த பிறகே முழுப் பணம். புதுச்சேரியின் பிஒய் எண்ணோடு இருக்கும் வண்டியைக் கடலூரில் வைத்து ஓட்டப் போகிறவர்கள் 12 மாதத்துக்கு மேல் அப்படியே ஓட்ட முடியாது என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வெள்ளத்தில் நின்ற வண்டிகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரை கடந்தது. அடுத்த சில நாட்களில் தென்பெண்ணை பெருகிக் கடலூரையும் மூழ்கடித்தது. எத்தனை கார்கள் இருக்கை மட்டம் வரை தண்ணீரில் நின்றன என்பதைக் கண்ணால் பார்த்தவர்கள் நாம். கழுவித் துடைத்து வாசனை அடித்துவிட்டால் வெளியில் ஒன்றும் தெரியாது. சீட் பெல்ட்டை மெதுவாகக் கடைசி அங்குலம் வரை இழுத்துப் பாருங்கள். சுருளுக்குள் எப்போதும் ஒளிந்திருக்கும் அந்தப் பகுதியில் வண்டல் கறை கோடு போட்டிருக்கும். அதைக் கழுவ யாருக்கும் தோன்றுவதில்லை.

வாங்கிய பிறகும் இரும்புதான் கவலை. பிளாஸ்டிக் தார்ப்பாயால் இறுக மூடி வைப்பது வண்டியை நனைத்து வைப்பதற்குச் சமம். உள்ளே வேர்த்து வேர்த்துத் துருப் பிடிக்கும். காற்றோட்டமான கூரை போதும். கடலோரத் தெருக்களில் போர்வெல் தண்ணீரே உப்பாக இருப்பதுண்டு. அதை அடிப்பகுதியில் பீய்ச்சாதீர்கள், குழாய்த் தண்ணீரைப் பிடித்து வைத்துக் கழுவுங்கள்.

பைபர் பாடியால் நமக்கு ஒரு பெரிய வசதி உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன். என் வண்டியின் முன்பக்கம் ஒரு முழ நீளத்துக்கு விரிசல் விட்டிருந்தது. கார் பட்டறைகளில் பட்டி பூசி மறைத்துத் தருவதாகச் சொன்னார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. குப்பத்தில் பைபர் படகு பழுது பார்க்கும் ஒரு பெரியவரிடம் காட்டினேன். விரலால் தடவிப் பார்த்துவிட்டு, விரிசலை இரண்டு பக்கமும் சாய்வாகத் தேய்த்து அகலப்படுத்தினார். உள்பக்கத்திலிருந்து பைபர் இழை மேட் வைத்து, ரெசின் தடவி, காற்றுக் குமிழி ஒவ்வொன்றையும் பிரஷ்ஷால் குத்தி வெளியேற்றினார். "அலையையே தாங்கும் தம்பி, ரோட்டுக்கு என்ன?" என்றார். நான்கு மழைக்காலம் கடந்துவிட்டது. விரல் வைத்தால்கூட அந்த இடம் எதுவென்று கண்டுபிடிக்க முடியாது.

வருகிற ஞாயிறு காலை அக்கா மகனோடு கடலூர் போகிறேன். ஸ்க்ரூ டிரைவர், டார்ச், பழைய பெட்ஷீட் மூன்றையும் எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். சேசிஸ் சரியில்லை என்றால் திரும்பி வந்துவிடுவோம், முன்பணம் கொடுக்கப் போவதில்லை. விழுப்புரம், திருவண்ணாமலை, சேலம் பக்கம் யாருடைய ஷெட்டிலாவது ஓடாமல் நிற்கும் சான் ஸ்டார்ம் இருந்தால் உட்பெட்டியில் எனக்குச் சொல்லுங்கள். இன்ஜின் எந்த நிலையில் இருந்தாலும் பரவாயில்லை.