லொகேஷன்ல சேலம்னு போடுங்க

ஆன்லைன்ல வானியல் லேப் படிக்கறேன்னு சொன்னதும் பட்டறைல எல்லாரும் கேட்டது ஒண்ணேதான், வீட்ல உக்காந்துட்டு என்னம்மா லேப்பு, டெலஸ்கோப் அனுப்பி வெப்பாங்களா? சேரும்போது எனக்கும் அந்த சந்தேகம் இருந்துச்சு. நான் படிச்சது பி.காம், செவ்வாய்பேட்டைல ஒரு கொலுசு பட்டறைல கணக்கு எழுதறேன், சின்ன வயசுல இருந்து மொட்டை மாடில படுத்து வானத்த பாக்கற பழக்கம் உண்டு, அவ்வளவுதான். ஒரு வெளிநாட்டு கோர்ஸ், ஆரம்ப நிலை வானியல் ஆய்வகம், பேரு வேண்டாம். போன வாரம்தான் முடிச்சேன். இதே மாதிரி ஏதாச்சும் சேரலாமான்னு யோசிக்கறவங்க நம்மூர்லயும் இருப்பீங்க, அவங்களுக்காகத்தான் இத எழுதறேன்.

மொதல்ல நல்லத சொல்லிடறேன். வியாழன் லேப். ஸ்க்ரீன்ல வியாழனும் அதோட நாலு நிலாவும் வரும், ஒவ்வொரு ராத்திரியும் எது எவ்வளவு தள்ளி நிக்குதுன்னு அளந்து குறிக்கணும், அந்த புள்ளிய எல்லாம் சேத்தா அலை மாதிரி ஒரு கோடு வரும், அதுல இருந்து எத்தனை நாளுக்கு ஒரு சுத்துன்னு எடுக்கணும். அயோ 1.77 நாள், யூரோப்பா 3.55, கானிமீட் 7.15, கலிஸ்டோ 16.69. அயோ நாலு சுத்து வர்றதுக்குள்ள யூரோப்பா ரெண்டு சுத்து, கானிமீட் ஒரு சுத்து. இத யாரும் எனக்கு சொல்லித் தரல, என் கிராஃப்லயே தெரிஞ்சுது, அன்னிக்கு ராத்திரி தூக்கமே வரல. கலிலியோ 1610 ஜனவரில மொத தடவை பாத்த அதே நிலாங்க. அப்புறம் கெப்ளர் விதிய வெச்சு, அதாவது நிலா எவ்வளவு தூரத்துல எத்தனை நாள்ல சுத்துதுங்கறத வெச்சு, வியாழனோட எடைய போடணும். எனக்கு சூரியன்ல 1,120ல ஒரு பங்குன்னு வந்துச்சு, சரியான விடை 1,047ல ஒரு பங்கு. கூடப் படிச்ச பசங்க நெறய பேரு விடைய தேடிப் பாத்து டேபிள்ல நம்பர மாத்தி சரியா 1,047 கொண்டு வந்துட்டாங்க. நான் மாத்தல. வெள்ளி வேலைல சேதாரம்னு ஒண்ணு உண்டு, உருக்கறப்ப போகும், ராவறப்ப போகும், பாலிஷ்ல போகும். ஒருத்தர் சேதாரமே இல்லன்னு கணக்கு கொண்டு வந்தா நாங்க மொதல்ல அந்தக் கணக்கத்தான் எடுத்து வெச்சு திருப்பிப் பாப்போம். அளக்கறதும் அப்படித்தான். எங்க எவ்வளவு போச்சுன்னு எழுதறதுதான் லேப், இத வீட்ல உக்காந்தே முழுசா கத்துக்கலாம், அதுல எனக்கு துளி சந்தேகம் கெடையாது.

என் கோவம் வேற இடத்துல.

மூணாவது லேப்ல ஒரு கேள்வி, சப்தரிஷி மண்டலம் எப்பவாவது அடிவானத்துக்கு கீழ போகுமான்னு. போகும்னு போட்டேன். தப்புன்னு சிவப்புல வந்துச்சு. ஐப்பசி மாசம் சாயங்காலம் மாடி ஏறிப் பாருங்க, சப்தரிஷியும் இருக்காது, வசிஷ்டர் பக்கத்துல இருக்கற அருந்ததியும் இருக்காது, ராத்திரி பூரா முழிச்சிருந்தாத்தான் விடியக்காலைல வடகிழக்குல ஏறி வரும். அப்புறம்தான் புரிஞ்சுது, அந்த சாஃப்ட்வேர்ல இடம் அட்சரேகை 40 டிகிரி வடக்குன்னு பூட்டி வெச்சிருக்காங்க. அங்க துருவத்த சுத்தி 40 டிகிரிக்குள்ள இருக்கற எதுவும் மறையாது, சேலத்துல அந்த வட்டம் பதினொன்றரை டிகிரி சொச்சம்தான். அடுத்த கேள்வி, மத்தியான நிழல் எந்தப் பக்கம் விழும்? எப்பவும் வடக்கன்னு போட்டாத்தான் மார்க். சேலத்துல ஏப்ரல் 20, 21 வாக்குல சூரியன் நேரா தலைக்கு மேல வந்து நிழல் காலடில போய் ஒளிஞ்சுக்கும், அப்புறம் ஆகஸ்ட் 22 வாக்குல திரும்பவும் ஒருக்கா அதே மாதிரி, நடுவுல நாலு மாசம் மத்தியான நிழல் தெக்கதான் விழுது. பிறையும் அப்படித்தான், அவங்க படத்துல நிமிந்து நிக்குது, எங்க மாடில மூணாம் பிறை முக்காவாசி நாள் தோணி மாதிரி மல்லாந்து கெடக்கு.

இதெல்லாம் எழுதி மெயில் போட்டேன். இந்த கோர்ஸுக்கு 40 டிகிரிதான் விடை, இடத்த மாத்தாதீங்கன்னு பதில் வந்துச்சு. கண்ணால பாத்தத எழுதினதுக்கு ஒரு லேப்ல மார்க் போகுதுன்னா அது லேப்பே இல்லீங்க, மனப்பாடம்.

அன்னில இருந்து ஒவ்வொரு லேப்பையும் ரெண்டு தடவை செஞ்சேன். ஒண்ணு மார்க்குக்கு அவங்க வானத்துல, இன்னொண்ணு நம்ம ஊர் வானத்த ஸ்க்ரீன்ல காட்டற ஸ்டெல்லேரியம்ங்கற சாஃப்ட்வேர்ல சேலம்னு இடத்த போட்டு வெளிய போய் நின்னு. ஸ்டெல்லேரியம் இலவசம்தான், யார் வேணா இறக்கிக்கலாம். துருவ நட்சத்திரம் எவ்வளவு உயரத்துல நிக்குதோ அதுதான் நம்ம ஊரோட அட்சரேகை, இது பழைய லேப். பாகைமானி, ஸ்ட்ரா, நூல், நூல் நுனில கனத்துக்கு ஒரு நட்டு. ஆனா எங்க வீடு கன்னங்குறிச்சி தாண்டி மலை அடிவாரம், வடக்க சேர்வராயன் மலை எழும்பி நிக்குது, துருவ நட்சத்திரம் அதுக்குப் பின்னாடி. நாலு நாள் பாத்துட்டு வீட்டுக்காரர் பைக்க எடுத்தாரு, இருபது கொண்டை ஊசியும் ஏறி ஏற்காட்டுல சித்தி வீட்டுக்குப் போய்ட்டோம், அவங்க எஸ்டேட்ல வேலை பாக்கறாங்க. காபி காயப் போடற களத்துல நின்னு அஞ்சு தடவை அளந்தேன், 10, 13, 11, 14, 12. சராசரி 12. ஏற்காடு 11.8. ஒரு டிகிரி 111 கிலோமீட்டர், ஆக 22 கிலோமீட்டர் தப்பு, ஜாமெட்ரி பாக்ஸ் பாகைமானிய வெச்சு பூமி உருண்டைல நான் எங்க நிக்கறேன்னு அந்த அளவுக்கு சொல்லிட்டேன்!

அன்னிக்கு இன்னொண்ணும் நடந்துச்சு. ஏப்ரல் மாசம், ராத்திரி 11 மணி இருக்கும், தெக்கால திரும்பினா கீழ சேலம் வெளிச்சம் பரந்து கெடக்கு, அதுக்கு மேல தெற்குச் சிலுவை நேரா நிக்குது, அதுக்கு எடப்பக்கம் கொஞ்சம் தள்ளி ஆல்ஃபா சென்டாரி. சூரியனுக்கு அடுத்து நமக்கு பக்கத்துல இருக்கற நட்சத்திரக் குடும்பம், 4.3 ஒளியாண்டு சொச்சம். அந்த 40 டிகிரி ஊர்ல இருக்கறவங்களுக்கு இது வருசம் பூரா உதிக்கவே உதிக்காது. நம்ம 11 டிகிரில தெற்கு துருவத்த ஒட்டி இருக்கற கொஞ்சூண்டு தவிர மொத்த வானமும் வருசத்துல ஒரு நாளாச்சும் வந்து போகுது. ஜவ்வாது மலைல காவலூர்ல 2.3 மீட்டர் தொலைநோக்கி இருக்கே, வானியலாளர் வைணு பாப்பு பேருல, நம்மூர்ல இருந்து ஒண்ணும் தூரமில்ல, அந்த இடத்துக்கும் இதே வசதிதான், ரெண்டு பக்க வானமும் கெடைக்கும். 1977ல யுரேனஸுக்கு வளையம் இருக்குன்னு தெரிய வந்தப்ப அங்க இருந்தும் பாத்து பதிவு பண்ணியிருக்காங்க. இவ்வளவு நல்ல வானத்துக்கு கீழ உக்காந்துட்டு இன்னொருத்தர் வானத்த மனப்பாடம் பண்றது எனக்கு நெஜமாவே வலிக்குது.

காசு செலவே இல்லாத லேப் ஒண்ணு சொல்றேன். மாடில சாக்பீஸ்ல ஒரு குறி போட்டு, அதே எடத்துல நின்னு, ஒரு நட்சத்திரம் பக்கத்து வீட்டு வாட்டர் டேங்க் விளிம்புல மறையற நேரத்த எழுதுங்க. என் பையன் நின்னான், நான் எழுதினேன், எங்க அத்தை டார்ச் புடிச்சாங்க. மொத நாள் 9.12, ஏழு நாள் கழிச்சு 8.45. ஒரு நாளைக்கு 3 நிமிசம் 51 செகண்ட் முன்னாடி வருது, புத்தகத்துல 3 நிமிசம் 56 செகண்ட். "அப்ப ஆறு மாசத்துல பன்னெண்டு மணி நேரம் தள்ளிப் போயிருமே, அதான் ஐப்பசில காணோமா"ன்னு அத்தை கேட்டாங்க. எட்டாவது வரைக்கும் படிச்சவங்க, அந்த மூணாவது லேப் கேள்விக்கு முழு விடைய சொல்லிட்டாங்க.

இப்ப ஒரு உதவி வேணும். டில்லில யாராச்சும் இருக்கீங்களா? டில்லியும் சேலமும் கிட்டத்தட்ட ஒரே தீர்க்கரேகைல இருக்கு, வடக்கு தெக்கா 1,880 கிலோமீட்டர். பிப்ரவரில ஒரே நாள் ரெண்டு பேரும் 1 மீட்டர் குச்சிய செங்குத்தா நட்டு, நிழல் ஆகக் கொறஞ்ச நேரத்துல அதோட நீளத்த அளந்து, சூரியன் உச்சந்தலைல இருந்து எத்தனை டிகிரி சாஞ்சிருக்குன்னு எடுக்கணும். 12 மணிக்கு இல்ல, பிப்ரவரில சேலத்துல 12.31 வாக்குல, உங்களுக்கு 12.35 வாக்குல உச்சி வரும், அதனால 12.20ல இருந்தே அஞ்சு நிமிசத்துக்கு ஒரு தடவை குறிச்சுட்டு வாங்க. ரெண்டு கோணத்தோட வித்தியாசம் 17 டிகிரிய ஒட்டி வந்தா, அதுக்கு 1,880 கிலோமீட்டர்னா 360 டிகிரிக்கு எவ்வளவுன்னு போட்டா பூமியோட சுத்தளவு 40,000 கிலோமீட்டர் பக்கம் வரணும். வர்றது வரட்டும், மாத்தாம அப்படியே எழுதி அனுப்புங்க. இன்பாக்ஸ் தெறந்துதான் இருக்கு.