எல்லாத்துக்கும் ஒரே வண்டியா?

ஹயபுசா எடுக்கலாமா, இசட்எக்ஸ்-10ஆர் எடுக்கலாமா, இல்லை கையில் இருக்கிற ஆர்15-ஐக் கொடுத்துவிட்டு ஏப்ரிலியா ஆர்எஸ் 457-க்குப் போகலாமா என்று பைக் வாங்க யோசனை கேட்கிற தம்பிகள் பட்ஜெட்டைச் சொல்வார்கள், உயரத்தைச் சொல்வார்கள், எந்த கலர் பிடிக்கும் என்றுகூடச் சொல்வார்கள். எங்கே ஓட்டப் போகிறார்கள் என்பதை மட்டும் சொல்ல மாட்டார்கள். நாமாகக் கேட்டால் "எல்லாத்துக்கும்தாண்ணா" என்று பதில் வரும். தினமும் ஆபீஸ் போகணும், ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் ஈசிஆர் போகணும், நேர்கோட்டு டிராக் ரேஸில் ஒரு கை பார்க்கணும், இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தளத்தில் ட்ராக் டேயும் (கட்டணம் கட்டி நம் வண்டியை அங்கே ஓட்டும் நாள்) போகணும்.

அப்படி ஒரு வண்டியை இதுவரை யாரும் செய்யவில்லை. இனியும் செய்ய முடியாது என்பதுதான் என் கட்சி. ஒரு வேலைக்கு வண்டியை நல்லதாக்கும் அதே விஷயம் இன்னொரு வேலைக்கு அதைக் கெடுத்துவிடும். இன்னொன்றும் சொல்கிறேன், திட்டுகிறவர்கள் திட்டலாம்: ஒரு லிட்டர் (1000 சிசி) சூப்பர்பைக்குக்கு நம் ஊரில் கொஞ்சமும் பொருந்தாத இடம் சாலைதான். ஆனால் அதை வாங்குகிறவர்களில் பெரும்பாலானவர்கள் சாலையைத் தவிர வேறெங்கும் அதை ஓட்டுவதில்லை.

(தமிழில் எழுதும்போது இரண்டும் ஒன்றுபோல வந்து குழப்பும் என்பதால், நேர்கோட்டுப் போட்டியை டிராக் என்றும், வளைவுகள் உள்ள பந்தயத் தளத்தை சர்க்யூட் என்றும் எழுதுகிறேன்.)

சாலையிலிருந்தே தொடங்கலாம். கவாசாகி இசட்எக்ஸ்-10ஆர் 203 பிஎஸ் திறனும் 207 கிலோ எடையும் கொண்டது. உலக சூப்பர்பைக் போட்டியில் 2015 முதல் 2020 வரை ஜோனதன் ரே தொடர்ந்து ஆறு முறை பட்டம் வென்ற குடும்பத்து வண்டி. அதன் முதல் கியரிலேயே மணிக்கு 140 கிலோமீட்டரைத் தாண்டலாம். நான்கு வழிச்சாலையில் இருசக்கர வண்டிக்கு 2018-ல் மத்திய அரசு வைத்த உச்சவரம்பு 80. அதாவது, சட்டப்படி ஓட்டினால் சென்னையிலிருந்து திருச்சி வரை முதல் கியரே போதும். மற்ற ஐந்து கியரும் சும்மா கூட வருகின்றன.

முதல் கியர் அவ்வளவு நீளமாக இருந்தால் டிராஃபிக்கில் என்ன ஆகும்? அரை கிளட்சிலேயே ஊர்ந்து போக வேண்டும். வேளச்சேரி சிக்னலில் மே மாதம் மதியம் நின்று பாருங்கள். கூலண்ட் சூடு நூறைத் தாண்டியதும் ரேடியேட்டர் ஃபேன் ஓட ஆரம்பிக்கும். அந்த அனல் காற்று முழுக்க நேராகத் தொடைக்கு வரும். ஜீன்ஸ் போட்டிருந்தாலும் உள்ளே சுடும். பக்கத்தில் ஸ்கூட்டரில் நிற்கிறவர்கூட காலை ஒதுக்கிக்கொள்வார்.

அப்புறம் மணிக்கட்டு. தாழ்ந்த கிளிப்-ஆன் ஹேண்டில்பாரை ஆட்கள் முட்டாள்தனமாக வைக்கவில்லை. 140, 150-ல் போகும்போது எதிர்க்காற்று நெஞ்சைத் தாங்கிப் பிடிக்கும், கையில் பாரம் இருக்காது. நாற்பதில் போகும்போது தாங்குவதற்குக் காற்று கிடையாது, உடம்பு பாரம் முழுக்க உள்ளங்கையில் இறங்கும். ஸ்போர்ட்ஸ் பைக் ஓட்டினால் கை வலிக்கிறது என்பவர்களில் பாதிப் பேருக்கு வண்டியில் கோளாறே இல்லை, போகிற வேகம்தான் அந்த உட்காரும் முறைக்குப் பொருந்தவில்லை.

டயரும் அப்படித்தான். சர்க்யூட்டுக்கான ஸ்லிக் (வரிப்பள்ளம் இல்லாத) டயரை வார்மர் என்கிற சூடேற்றும் உறை போட்டுச் சூடாக்கித்தான் வெளியே எடுப்பார்கள். அந்தச் சூட்டில்தான் அது ஒட்டும். காலையில் பால் வாங்கப் போகிற வேகத்தில் அது சூடாகவே ஆகாது. ரேஸ் பிரேக் பேடும் அப்படியே, ஆறிக் கிடந்தால் முதல் பிடியில் கடிக்காது. நாய் குறுக்கே வரும்போது நமக்குத் தேவைப்படுவதோ அந்த முதல் பிடிதான்.

சரி, டிராக் ரேஸுக்காவது லிட்டர் வண்டி சரியா என்றால், அங்கேதான் வேடிக்கை. யூடியூபில் எல்லோரும் கத்துவது 0-100 எத்தனை விநாடி என்றுதான். ஸ்டாக் (எதையும் மாற்றாத) லிட்டர் வண்டி எதை எடுத்தாலும் ஏறக்குறைய மூன்று விநாடியில் வந்து நிற்கும். 180 பிஎஸ் வண்டியும் மூன்று, 210 பிஎஸ் வண்டியும் மூன்று. ஏன் என்று யாரும் கேட்பதில்லை.

காரணம் எஞ்சின் இல்லை, முன்சக்கரம். ஆக்ஸிலேட்டரை முறுக்கும்போது பாரம் பின்னால் போகிறது. ஒரு கட்டத்தில் முன்சக்கரம் தூக்கிவிடும். அதற்கு மேல் எவ்வளவு பவர் இருந்தாலும் வீலிங் போகுமே தவிர வண்டி முன்னால் போகாது. அந்தக் கட்டம் எங்கே என்பதை இரண்டே அளவுகள் முடிவு செய்கின்றன: ஆளும் வண்டியும் சேர்ந்த எடையின் மையம் பின்சக்கரத்துக்கு எவ்வளவு முன்னால் இருக்கிறது, தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது. இசட்எக்ஸ்-10ஆரின் வீல்பேஸ், அதாவது இரண்டு சக்கர மையங்களுக்கு இடையிலான தூரம், 1450 மில்லிமீட்டர். மையம் ஏறத்தாழ நடுவில், 700 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால் இரண்டும் கிட்டத்தட்டச் சமம். அப்படியென்றால் அந்த வண்டி எட்டக்கூடிய முடுக்கம் சுமார் 1 ஜி, அதாவது கீழே விழும் பொருளின் முடுக்கம். அந்த முடுக்கத்தில் நூறைத் தொட 2.8 விநாடி ஆகும். அதற்குக் கீழே போக இயற்பியல் விடாது.

இன்னும் ஒரு கணக்கு. 75 கிலோ ஆளோடு சேர்த்து 282 கிலோவை மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் 1 ஜி-யில் தள்ள வேண்டுமென்றால் தேவைப்படுவது சுமார் 105 பிஎஸ். நூறு வரைக்கும் அந்த வண்டியின் பாதிச் சக்திக்கு வேலையே இல்லை. பாதிச் சக்தி சும்மா இருக்கும் அந்த அளவீட்டை வைத்துத்தான் கமெண்ட்டில் சண்டை போடுகிறோம்.

டிராக் ரேஸ் ஆட்கள் இதை எப்போதோ புரிந்துகொண்டார்கள். அவர்கள் எஞ்சினைத் தொடுவதற்கு முன்னால் பின்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஸ்விங் ஆர்மை நீட்டுவார்கள், முன் ஃபோர்க்கை ஸ்ட்ராப் போட்டு அமுக்கிக் கட்டுவார்கள், பின்பக்கத்தையும் தாழ்த்துவார்கள். நீளமும் தாழ்வும் கூடக்கூட முன்சக்கரம் தரையிலேயே கிடக்கும், கூடுதல் பவருக்கு அப்போதுதான் வேலை வரும். ஹயபுசா இந்த ஆட்டத்தில் இத்தனை வருஷம் நிற்பதும் இதனால்தான். 265 கிலோவை ஒட்டிய எடை, ஸ்டாக்கிலேயே 1480 மில்லிமீட்டர் வீல்பேஸ், 1340 சிசியில் 7,000 ஆர்பிஎம்மிலேயே 150 நியூட்டன் மீட்டர் டார்க் (முறுக்குவிசை). சர்க்யூட்டில் பாரமாகத் தெரிகிற உடம்பு நேர்கோட்டில் உதவுகிறது. பெங்களூரு ஹேமந்த் முத்தப்பா தேசிய டிராக் பட்டங்களை வரிசையாக வென்றதைப் பார்த்து "புசா எடுத்தா நாமும் ஜெயிக்கலாம்" என்று நினைக்கிறவர்கள், அவர் ஓட்டுகிற வண்டி ஷோரூமிலிருந்து நேராக வந்தது இல்லை என்பதையும் பார்க்க வேண்டும். அந்த மாதிரி நீட்டித் தாழ்த்திய வண்டியை நம் தெருவில் முதல் ஸ்பீட் பிரேக்கரே நிறுத்திவிடும். யூ டர்ன் எடுக்க இறங்கித் தள்ள வேண்டியதுதான்.

ஆர்எக்ஸ் 100 ரசிகர்கள் இந்நேரம் கமெண்ட் பாக்ஸைத் திறந்திருப்பார்கள். 98 சிசி, 11 பிஎஸ், நூறு கிலோ சொச்சம் எடை, ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு வெடிப்பு தரும் டூ ஸ்ட்ரோக். சிக்னலிலிருந்து முதல் ஐம்பது மீட்டருக்கு அது இன்றைக்கும் ஆளை அசத்தும், மறுக்கவில்லை. ஆனால் 1996-லேயே நிறுத்திவிட்ட வண்டியை டிரம் பிரேக்கோடு ஈசிஆரில் டிராக் ஓட்டுவது வீரமும் இல்லை, பாரம்பரியமும் இல்லை. பொதுச்சாலையில் ரேஸ் ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டம் 189-ஆவது பிரிவில் மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அதைவிட, கோவளம் பக்கம் மீன் வாங்கிக்கொண்டு சாலையைக் கடக்கிற அம்மாவுக்கு நம் குவார்ட்டர் மைல் டைமிங் பற்றி எந்த அக்கறையும் கிடையாது. டிராக் ஓட்டியே ஆக வேண்டுமா, எம்எம்எஸ்சி (மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்) நடத்துகிற போட்டிக்குப் பெயர் கொடுங்கள். சின்ன சிசிக்கும் அங்கே பிரிவு உண்டு.

இனி எனக்குப் பிடித்த இடம், சர்க்யூட்.

சென்னைக்காரர்களுக்கு இருக்கிற வசதி இந்தியாவில் பல ஊர்களுக்கு இல்லை. முன்னால் சோழவரத்தில், இரண்டாம் உலகப்போர்க் கால விமான ஓடுதளத்தில் ரேஸ் நடந்தது. 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கிலோமீட்டர் தளம் வந்தது. கோவையில் செட்டிப்பாளையம் பக்கம் காரி மோட்டார் ஸ்பீட்வே, 2.1 கிலோமீட்டர். ஃபேக்டரியும் பக்கத்திலேயே: டிவிஎஸ் அப்பாச்சி ஆர்ஆர் 310 ஓசூரில் தயாராகிறது. கலிஃபோர்னியா சூப்பர்பைக் ஸ்கூல்கூட இருங்காட்டுக்கோட்டைக்கு வந்து வகுப்பு எடுத்திருக்கிறது. இவ்வளவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு மகாபலிபுரம் டோல் தாண்டி ரீல்ஸ் எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

சர்க்யூட்டில் பவர் கடைசியாக வரும் விஷயம். முதலில் வருவது பிரேக், அடுத்து டயர், அடுத்து ஓட்டுகிறவரின் கண். ஆர்15 வி4-க்கு 18.4 பிஎஸ், 142 கிலோ, 1325 மில்லிமீட்டர் வீல்பேஸ். அந்தக் குட்டி வீல்பேஸ் டிராக்கில் சாபம், வளைவில் வரம். நினைத்த மாத்திரத்தில் சாயும். 7,400 ஆர்பிஎம்மில் விவிஏ (வால்வு திறப்பை மாற்றும் அமைப்பு) திறந்த பிறகுதான் எஞ்சினுக்கு உயிர் வரும். ஊருக்குள் அது குறை, சர்க்யூட்டில் ஆர்பிஎம் அதற்குக் கீழே இறங்கவே போவதில்லை. பவர் குறைவு என்பதால் வளைவில் தொலைத்த வேகத்தை நேர்ப்பாதையில் முறுக்கி மீட்க முடியாது. பிரேக்கைச் சீக்கிரம் பிடித்துவிட்டால் அந்தச் சுற்று முழுக்க அதற்கான தண்டனை தெரியும். லிட்டர் வண்டியில் அந்தத் தண்டனையே கிடையாது. வளைவில் தடவிக்கொண்டே போய், நேரானதும் முறுக்கினால் போதும், எல்லோரையும் தாண்டிவிடலாம், எதையும் கற்காமலே வீட்டுக்கு வந்துவிடலாம்.

பேடாக்கில் (சர்க்யூட்டில் வண்டிகளை நிறுத்தி வைக்கும் இடம்) வண்டிகள் நிற்கும்போது டயரைக் குனிந்து பார்ப்பது என் பழக்கம். வளைவில் உழைத்த டயரின் ஓரம், பள்ளிக்கூட நோட்டில் அழிரப்பர் தேய்த்தால் சுருண்டு வருமே, அதுபோலச் சின்னச் சின்னச் சுருள்களாக இருக்கும். கை வைத்தால் சுடும், லேசாக ஒட்டும். பக்கத்தில் பல லட்ச ரூபாய் வண்டி நிற்கும். அதன் பின் டயரில் நடுவில் ஒரு பட்டை சப்பையாகத் தேய்ந்திருக்கும், இரண்டு ஓரமும் ஃபேக்டரி பளபளப்பு போகாமல் அப்படியே இருக்கும். அந்தப் பளபளப்பை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக்கொண்டு வருகிறவர்களும் உண்டு. தேய்த்தால் கோடு நேராக விழும், ஓட்டித் தேய்ந்தால் அலையலையாக இருக்கும், அவ்வளவு எளிதில் ஏமாற்ற முடியாது.

கேடிஎம் ஆர்சி 390 பற்றிக் கேட்பீர்கள். 43.5 பிஎஸ், 172 கிலோதான். சர்க்யூட்டுக்கு அற்புதமான வண்டி, ஆனால் ஊருக்குள் சூடு, அதிர்வு இரண்டும் உண்டு. அப்பாச்சி ஆர்ஆர் 310-ஐ நான் கொஞ்சம் மேலே வைப்பேன். எஞ்சின் சிலிண்டரைப் பின்பக்கமாகச் சாய்த்து வைத்திருப்பதால், வீல்பேஸ் நீளாமலே ஸ்விங் ஆர்மை நீளமாக வைக்க முடிந்திருக்கிறது. வளைவிலிருந்து வெளியே வரும்போது பின்சக்கரம் ஒழுங்காக இருக்க அது உதவும். 2024-ல் 38 பிஎஸ் ஆக்கினார்கள். இதே வண்டியின் ரேஸ் வடிவத்தை வைத்துத்தான் ஆசிய அளவில், எல்லோரும் ஒரே மாடலில் ஓட்டும் ஒன்-மேக் போட்டியே நடக்கிறது. மூன்று வேலைக்கும் ஒரே வண்டி என்று பிடிவாதம் பிடிக்கிறவர்களுக்கு நான் காட்டக்கூடியது இதுவும் ஆர்எஸ் 457-உம்தான். அதுவும் டிராக்கை மறந்துவிட்டால்.

பணக்கணக்குக்கு வருவோம். லிட்டர் வண்டியின் எக்ஸ் ஷோரூம் விலை பதினாறு லட்சத்துக்கு மேல். ஒரு ஜோடி நல்ல டயர் நாற்பதாயிரத்தைத் தாண்டும். ஒழுங்காக சர்க்யூட்டில் ஓட்டினால் அது ஒரு சீசன்கூட வராது. அதைவிட முக்கியம், ரேஸ், வேகச் சோதனை என்றெல்லாம் வந்துவிட்டால் சாதாரண இன்சூரன்ஸ் கைவிட்டுவிடும். கீழே போட்டால் ஃபேரிங் (வண்டியை மூடியிருக்கும் வெளி உறை), லீவர், ஹேண்டில், டேங்க் எல்லாம் சொந்தக் காசு. அந்தப் பயம் மனதில் இருக்கிறவரை யாரும் வண்டியைச் சாய்க்க மாட்டார்கள். என்னிடம் அந்தப் பணம் இருந்தால் சாலைக்கு நிமிர்ந்து உட்காரக்கூடிய ட்வின் சிலிண்டர் வண்டி ஒன்று, சர்க்யூட்டுக்கு ஒரு லட்சத்தை ஒட்டிப் பழைய ஆர்15 ஒன்று, மிச்சத்தில் நல்ல லெதர் சூட், முதுகுக் காப்பு, ஹெல்மெட், வருஷம் முழுக்க ட்ராக் டே கட்டணம். இன்னும் பாதிப் பணம் பேங்கில் இருக்கும்.

"ஆனா ஆர்15-ல என்னை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டாங்கண்ணா" என்று ஒரு தம்பி நேர்மையாகவே சொன்னான். அது நியாயமான ஆசைதான், கேலி செய்ய மாட்டேன். நான்கு சிலிண்டர் சத்தத்துக்கு எனக்கும் தலை திரும்பத்தான் செய்கிறது. அதற்காகத்தான் வாங்குகிறோம் என்று சொல்லி வாங்கினால் ஒரு வம்பும் இல்லை. பெர்ஃபாமன்ஸ் என்று சொல்லாமல் இருந்தால் சரி.

சர்க்யூட்டுக்காகப் பழைய ஆர்15 தேடுகிறவர்கள் ஃபேரிங் பளபளப்பைப் பார்க்காதீர்கள், அது கடையில் புதிதாகக் கிடைக்கும். ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பி, ஃபிரேமில் அது முட்டி நிற்கும் ஸ்டாப்பரில் அடி இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். நசுங்கியிருந்தால் வண்டி பலமாக விழுந்திருக்கிறது. ஃபோர்க் குழாயில் எண்ணெய்க் கசிவு, செயின் ஸ்ப்ராக்கெட் பல், ரேடியேட்டரின் கீழ்மூலை இவற்றையும் பாருங்கள். ட்ராக் டேக்கு முன்னால் கண்ணாடியைக் கழற்றி, ஹெட்லைட்டுக்கு டேப் ஒட்டி, கூலண்ட்டை வடித்துவிட்டு வெறும் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வாருங்கள். தளத்தில் கூலண்ட் சிந்தினால் பின்னால் வருகிறவர் வழுக்கி விழுவார்.